கையெழுத்துக்கு முன் மூன்று சாயங்காலம்

பெரியம்மாவுக்கு விரல் கணுக்கள் வீங்கி, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்த சமயம். ஓபியில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஓர் இளம்பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, முடக்குவாதத்துக்குப் புது மருந்து ஒண்ணு ஸ்டடி பண்றோம். டாக்டர் உங்க பேரைச் சொன்னாரு. மாத்திரை, டெஸ்ட் எல்லாம் ஃப்ரீதான்" என்று சொல்லி, இருபது பக்கத்துக்கு மேல் இருக்கும் ஒரு தாள் கட்டைக் கொடுத்தார். பெரியம்மா முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "டாக்டர் சொன்னா சரிதான். எங்கேம்மா கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டு வர்றோம்" என்று நான்தான் குறுக்கே புகுந்து வாங்கி வந்தேன். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்தியாக அவருக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் பெரியம்மா கேட்டார்: "அப்போ அந்தப் புது மருந்து எனக்குக் கிடைக்காமலே போனாலும் போகலாமா?"

ஆமாம், போகலாம். ஓபி வாசலில் யாரும் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. க்ளினிக்கல் ட்ரயலில் சேரச் சொல்லி உங்களையோ உங்கள் வீட்டாரையோ யாராவது கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை, அந்த மூன்று நாளில் நாங்கள் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில்: இது சிகிச்சையா, ஆய்வா?

டாக்டர் உங்களுக்கு மருந்து எழுதித் தருகிறார் என்றால் அவர் கணக்கில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றுவார், அளவைக் கூட்டுவார், குறைப்பார். ஆய்வு அப்படியல்ல. இந்த மருந்து வேலை செய்கிறதா, பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் அதன் நோக்கம். அந்த விடை பின்னால் வரப்போகும் நோயாளிகளுக்கு உதவும். உங்களுக்கும் உதவலாம், உதவாமலும் போகலாம். இரண்டையும் ஒரே டாக்டர், ஒரே அறையில், ஒரே வெள்ளைக் கோட்டில் செய்வதால்தான் நமக்குக் குழப்பம் வருகிறது.

'புது மருந்து' என்ற சொல்லே நம்மை மயக்கிவிடும். புதிது என்றால் பழையதைவிட நல்லது என்று அர்த்தமில்லை. இன்னும் தெரியாது என்றுதான் அர்த்தம். 1980களில், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால், அதைச் சீராக்கும் மாத்திரைகளை டாக்டர்கள் முழு நம்பிக்கையோடு கொடுத்து வந்தார்கள். துடிப்பும் சீரானது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு அதைச் சரிபார்த்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் சாப்பிடாதவர்களைவிட அதிகமாக இறந்தார்கள் என்று தெரிந்து, 1989இல் அந்த மருந்துகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்த ஆய்வு நடந்திராவிட்டால் அதே மாத்திரைகள் இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்குமோ. ஆய்வுகள் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதில் சேருகிறவர் தெரிந்து சேர வேண்டும் என்பதுதான் என் கவலை.

எத்தனையாவது கட்டம் என்றும் கேளுங்கள். முதல் கட்டத்தில் சில பத்துப் பேர். மனித உடம்பு இந்த மருந்தைத் தாங்குகிறதா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். இரண்டாவதில் அந்த நோய் உள்ளவர்களிடம் பலன் தெரிகிறதா, எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வரை சேர்வார்கள். இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கேதான். நான்காவது, மருந்து கடைக்கு வந்த பிறகு நடக்கும் கண்காணிப்பு. கட்டம் முந்தையதாக இருக்க இருக்க, தெரியாத விஷயங்கள் அதிகம்.

குலுக்கல், வெற்று மாத்திரை

பெரியம்மா கேட்ட கேள்வி இதைப் பற்றியதுதான். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய சிகிச்சை என்பதைப் பல ஆய்வுகளில் டாக்டர் முடிவு செய்வதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, கணினி முடிவு செய்யும். தேறிவிடுவார் என்று தோன்றுகிறவர்களையெல்லாம் டாக்டர் ஒரு பக்கம் சேர்த்துவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும் அல்லவா?

இந்தக் குலுக்கலின் அருமை தெரிய நாம் சென்னை சேத்துப்பட்டுக்கே போகலாம். காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுத்துத்தான் ஆக வேண்டும், நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும் இல்லாமல் பிழைக்க முடியாது என்று உலகமே நம்பிய காலம் அது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இரு பக்கமும் ஒரே மருந்துகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமடைந்தார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டு வந்தது. அந்த 193 பேரில் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. நம் ஊர் ஏழை வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

சில ஆய்வுகளில் ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத மாத்திரை கொடுப்பார்கள். நிறம், அளவு எல்லாம் அசல் போலவே இருக்கும். சில ஒப்புதல் படிவங்களில் இதைப் 'போலி மருந்து' என்று மொழிபெயர்த்திருப்பார்கள். தமிழில் போலி மருந்து என்றால் கலப்படக்காரன் விற்பது. படித்தவுடன் பெரியம்மா பதறிவிட்டார். 'வெற்று மாத்திரை' என்று சொன்னபோது உடனே புரிந்தது. யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது பெரும்பாலும் நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவசரம் என்றால் மட்டும் உறையைப் பிரித்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

இங்கே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: "வெற்று மாத்திரை எனக்கு வந்தால், என் வழக்கமான மருந்து தொடருமா?" பெரியம்மாவின் ஆய்வில், அவர் வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டிருந்த மெத்தோட்ரெக்ஸேட் எல்லோருக்கும் தொடரும், அதன்மேல்தான் புது மாத்திரையோ வெற்று மாத்திரையோ என்று எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தாள்களை எப்படிப் படிப்பது

எல்லாப் பக்கத்தையும் ஒரே கவனத்தோடு படிக்க முடியாது. ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும், என்னென்ன பக்க விளைவு, இதில் சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை உண்டு, செலவு யாருடையது, கெடுதல் நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்ற ஆறு இடங்களில் கோடு போடுங்கள். இவற்றில் ஒன்று இல்லை என்றாலும் கேளுங்கள். மருந்து பலன் தராமல் போக வாய்ப்பு உண்டு என்றும், வெற்று மாத்திரைக்கு நோய் தீர்க்கும் குணம் இல்லை என்றும் அந்தத் தாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் அப்படித்தான் கேட்கின்றன.

பிறகு நம் பாட்டுக்கு நாலு கேள்வி. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள்? மில்லியில் சொன்னால் ஸ்பூன் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். 5 மில்லி என்றால் ஒரு டீஸ்பூன். எடுத்த ரத்தத்தைப் பிற்பாடு வேறு ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? அதற்கு மட்டும் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பஸ் செலவும் போகும் ஒரு நாள் கூலியும் கிடைக்குமா? வர வேண்டிய தேதிகளை முன்கூட்டியே வாங்கி, அறுவடை, ஊர்த் திருவிழா, பேத்தி கல்யாணம் எதனோடாவது மோதுகிறதா என்று காலண்டரில் பாருங்கள். பாதியில் வராமல் போவதைவிட, ஆரம்பத்திலேயே முடியாது என்று சொல்வது இருவருக்கும் நல்லது.

"சேரலைன்னா டாக்டர் கோவிச்சுப்பாரோ?" என்று பெரியம்மாவும் கேட்டார். சேர மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. "இன்னைக்கே போட்டாத்தான் இடம் இருக்கும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த ஒரு காரணத்துக்காகவே எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு எண்ணைப் பாருங்கள்

இந்தியாவில் நடக்கும் ட்ரயல்கள், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே 'க்ளினிக்கல் ட்ரயல்ஸ் ரெஜிஸ்ட்ரி இந்தியா' என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2007இல் தொடங்கிய பதிவேடு இது. 2009 முதல் மருந்து ட்ரயல்களுக்குக் கட்டாயம். சித்த, ஆயுர்வேத ஆய்வுகளும் இதில் உண்டு. 'சிடிஆர்ஐ' என்று தொடங்கி ஆண்டு, மாதம், ஓர் எண் என்று வரும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் படித்த பிள்ளைகளிடம் கொடுத்தால் போனிலேயே தேடிச் சொல்லிவிடுவார்கள். யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் எல்லாம் அதில் இருக்கும்.

நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் தாளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை எத்திக்ஸ் கமிட்டி என்பார்கள். குறைந்தது ஏழு பேர். அதில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவர், பெண் ஒருவராவது இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை இவர்களிடம் கேட்கலாம்.

கையெழுத்து

2009-10இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்த ஒரு திட்டத்தில், ஆந்திரத்தில் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குழுவே அதைக் கண்டித்தது. உங்கள் கையெழுத்தை நீங்கள்தான் போட வேண்டும். பிள்ளைகளுக்காகப் பெற்றோர் போடலாம். ஆனால் விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி, விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். சில ஆய்வுகளில் இதை வீடியோவில் பதிவு செய்வார்கள். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான்.

படிவத்தில் நாமினி பெயர் எழுதும் இடம் இருக்கும். இறப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக. மனசு சங்கடப்படும்தான், இருந்தாலும் காலியாக விடாதீர்கள். தாள் கட்டின் ஒரு பிரதியும், கையெழுத்தான படிவத்தின் பிரதியும் கையில் வராமல் அறையை விட்டு வராதீர்கள்.

கையெழுத்துப் போட்டதுமே சேர்ந்தாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்து, தகுதி இருக்கிறதா என்று டெஸ்டுகள் எடுப்பார்கள். பெரியம்மா நான்காம் நாள் தெளிவாகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ரத்தப் பரிசோதனையில், உடம்புக்குள் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி இருப்பதாகத் தெரிந்தது. நோய் கிளம்பவில்லை, ஆனால் அந்தப் புது மருந்து அதைத் தட்டி எழுப்பிவிடலாம் என்று சொல்லி அவரைச் சேர்க்கவில்லை. முதலில் அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் தடுப்பு மாத்திரை உடனே தொடங்கியது. இப்படித் திருப்பி அனுப்புகிற ஆய்வைத்தான் நான் நம்புவேன்.

சேர்ந்த பிறகு

சாப்பிடும் எல்லாவற்றையும், இருக்கும் விரதங்களையும் சொல்லுங்கள். கஷாயம், லேகியம், நாட்டு மருந்து, மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் வலி மாத்திரை, சஷ்டி விரதம், ரம்ஜான் நோன்பு எல்லாம். திட்டுவார்களோ என்று மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான். மாத்திரை தீர்ந்த அட்டைகளையும் டப்பாக்களையும் குப்பையில் போடாமல் கொண்டு போங்கள், எண்ணிப் பார்ப்பார்கள். ட்ரயல் மாத்திரையை, அதே வியாதி என்று பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பகிர்ந்து கொடுக்கவே கூடாது. ஆய்வில் இருப்பதைச் சொல்லும் அட்டை கொடுத்தால் பர்ஸிலேயே வைத்திருங்கள்; ராத்திரி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் அது பேசும்.

ஏதாவது உடம்புக்கு வந்துவிட்டால், அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு கெடுதல் என்றால், ஆய்வு நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே இரண்டு உரிமைகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, இலவச சிகிச்சை: கெடுதல் மருந்தால் வந்ததா இல்லையா என்று தெரியும் முன்பே தொடங்க வேண்டும், ஆய்வுக்குச் சம்பந்தமில்லை என்று உறுதியாகும்வரையோ தேவைப்படும்வரையோ தொடர வேண்டும். இரண்டாவது, இழப்பீடு: ஆய்வால்தான் வந்தது என்று தீர்மானமானால் மட்டும். இறப்புக்கான கணக்கில் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயதையும், சேரும்போது நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதையும் பொறுத்துத் தொகை மாறும். "எல்லாம் உங்க பழைய வியாதிதான்" என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், நெறிமுறைக் குழுவுக்கும் எழுதுங்கள்.

விலக வேண்டும் என்றால் எந்த நாளும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்லிவிட்டு விலகுங்கள். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது. எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

மருந்து உங்களுக்கு நன்றாகக் கேட்டு, ஆய்வு முடிந்துவிட்டால்? வேறு நல்ல சிகிச்சை இல்லை, இது தொடர வேண்டும் என்று ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால், அதை இலவசமாகத் தொடர விதியில் இடம் உண்டு. இதைச் சேருவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்பதையும், ஆய்வின் முடிவையும் கேட்டு வாங்குங்கள். முடிவு வர வருடக்கணக்கில் ஆகலாம்.

பெரியம்மா அந்தத் தாள் கட்டை பீரோவில் ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்திருக்கிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார்: "அந்த மருந்து என்னாச்சுன்னு போன்ல பார்த்தியா?"