அன்றைய உடலே அளவுகோல்

"பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இரண்டே மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார், எனக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்?" சிகிச்சை முடிந்து உடல் தேறிவரும் பலரது மனத்தில் எழும் கேள்வி இது. இதற்கு விடை தேட, நெடுந்தூர ஓட்ட வீரர் ஒருவரின் வாழ்க்கையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

புதுக்கோட்டையைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன் 1990இல் பிறந்தவர். 2015இல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டரில் வெள்ளியும் 5,000 மீட்டரில் வெண்கலமும் வென்றார். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த அதே போட்டியில் இரண்டிலும் தங்கம் வென்றார்.

வெப்பமும் வேகமும்

புவனேசுவரத்தில் 5,000 மீட்டரை அவர் ஓடி முடித்த நேரம் 14 நிமிடம் 54 விநாடி. அடுத்த மாதம் லண்டன் உலகப் போட்டியில் அதே தூரத்தை 13 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். அது அவரது வாழ்நாள் சாதனை. ஆயினும் இறுதிச் சுற்றுக்கு அவர் தகுதி பெறவில்லை. மெதுவாக ஓடிய நாளில் தங்கம். மிக விரைவாக ஓடிய நாளில் பதக்கமே இல்லை.

கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் கூடுதல் குருதியை அனுப்ப வேண்டியுள்ளது. வழக்கமான வேகமே அன்று பெருஞ்சுமை ஆகிறது. நம் மணவாள நகரின் கோடையிலும் இதே நிலைதான். ஆகவே விடியற்காலையில் நடப்பதும், புழுக்கமான நாளில் வேகத்தைக் குறைப்பதும் சோம்பல் ஆகா, அறிவுடைமையே ஆகும்.

மலைப் பயிற்சி தரும் பாடம்

இந்திய நெடுந்தூர வீரர்கள் பலர் ஊட்டியில் பயிற்சி பெற்றுள்ளனர். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குக் கிட்டும் ஆக்சிஜன் குறைவு. அதை உணரும் சிறுநீரகங்கள் எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்க, சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. சிறுநீரகச் செயலிழப்பில் இச்சுரப்பு குறைவதால்தான் குருதிச்சோகை உண்டாகிறது. டயாலிசிஸ் பெறுவோர் பலருக்கு இதனையே ஊசியாகத் தருகிறோம். மலையேறிய வீரருக்கும் ஊசி பெறுபவருக்கும் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அவசரப்படுத்த இயலாத பணி இது.

சமவெளியில் வாழும் நமக்கு மாடிப்படியே மலை. ஏறும்போது இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன. இறங்கும்போது தொடைத் தசைகள் உடலைத் தாங்கிப் பிடிக்கின்றன. எனவே சமதள நடை பழகி, மருத்துவர் அனுமதித்த பின்னரே படியேற வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் கைப்பிடியை விடலாகாது.

பின்னடைவு நேர்ந்தால்

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓடுபாதையின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் வெண்கலம் கைநழுவியது. 25 சுற்றுகளின் உழைப்பு ஓரடியில் போயிற்று. எனினும் அச்சுற்றுகளை ஓடவல்ல உடலை எந்த முடிவுப் பட்டியலும் பறித்துவிட முடியாது.

தேறிவரும் வேளையில் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தாலும் பட்ட பாடு அனைத்தும் வீணாகிவிடுவதில்லை. ஆனால் படுக்கை ஓய்வு தசைகளை விரைவில் மெலியச் செய்யும். ஆதலால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், அதற்குச் சற்றுக் கீழிருந்து தொடங்க வேண்டும்.

நடைமுறையில் கொள்ள வேண்டியவை

• நடக்கையில் இயல்பாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்க.

• நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்துக. ஓய்வெடுத்தும் தணியாவிடில் 108ஐ அழையுங்கள்.

• குடும்பத்தார் நாள்தோறும் நடந்த நிமிடங்களைக் குறிப்பேட்டில் எழுதி, மறுவருகையின்போது காட்டுக. 10,000 மீட்டர் ஓட்டத்தில் சுற்றுகளை எண்ணிச் சொல்லத் தனி அலுவலர் உண்டு. ஓடுபவரே எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் அப்பணி உங்களுடையது.

அக்குறிப்பேட்டில் பக்கத்துக் கட்டில்காரரின் கணக்குக்கு இடமில்லை. சென்ற வாரத்து உங்கள் கணக்கும் இவ்வாரத்து உங்கள் கணக்கும் இருந்தால் போதும்.