நர்சரிக் கட்டணத்தை யார் சம்பளத்தில் கழிப்பது?

பிரித்தானியாவில் தாயும் தகப்பனும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், மகப்பேற்று விடுப்பு முடியும் நேரத்தில் ஒரு கணக்குப் போடுவார்கள். நர்சரியில் சொன்ன மாதக் கட்டணத்தைத் தாயின் கைக்கு வரும் சம்பளத்தில் கழிப்பார்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றதும், ‘இதற்காகவா பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டும்?’ என்ற கேள்வி வரும். வேலையை விடுவது பெரும்பாலும் அவள்தான். பிள்ளையோடு வீட்டில் இருப்பதுதான் விருப்பம் என்றால் அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. கட்டுபடியாகாது என்பதுதான் காரணம் என்றால், அந்தக் கணக்கு இரண்டு இடங்களில் தப்பு. பிள்ளை இருவருக்கும் பிள்ளை. செலவை ஒருத்தியின் சம்பளத்தில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. வேலையை விட்டால் போவது மாதச் சம்பளம் மட்டுமல்ல, முதலாளி கட்டும் ஓய்வூதியப் பங்கும் வருங்காலச் சம்பள உயர்வும் சேர்ந்தே போகின்றன. இரண்டாவது தப்பு, அரசு உதவி போக நம் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று பாராமல் முழுக் கட்டணத்தையும் எடுத்துக் கழிப்பது. உண்மையான பணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பழைய டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5 அன்று முடிந்துபோனது. அதில் பிள்ளை பராமரிப்புச் செலவின் 70 சதவீதம் கிடைத்தது. ஆனால் ஒரு பிள்ளைக்கு வாரம் 175 பவுண்டு வரையான செலவுதான் கணக்கில் வந்தது. அந்த உச்சவரம்பை 2005இலிருந்து கடைசிவரை யாரும் உயர்த்தவில்லை. இன்று முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். யூனிவர்சல் கிரெடிட்டில் செலவின் 85 சதவீதம் வரை கிடைக்கும். 2025-26இல் ஒரு பிள்ளைக்கான மாத உச்சம் 1,031.88 பவுண்டு. டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரில் நாம் 80 பவுண்டு போட்டால் அரசு 20 சேர்க்கும். ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு 500 பவுண்டுக்கு மேல் தராது. மாதம் 1,000 பவுண்டு நர்சரிக் கட்டணம் என்று வைத்துப் பாருங்கள். இரண்டாவது வழியில் மூன்று மாதத்துக்கு 2,500 பவுண்டு நம் கையிலிருந்து போகும். முதல் வழியில் அந்த மாதத்துக்கான தகுதித் தொகையோடு 850 பவுண்டு கூடும். பிறகு வருமானத்துக்கு ஏற்பக் குறையும். ‘எங்கள் இரண்டு சம்பளத்துக்கு அது கிடைக்காது’ என்று பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்த 850ஐச் சேர்த்துப் பார்த்தால்தான் தகுதி இருப்பதே தெரியவரும். 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேருக்குச் சேமிப்பு வரம்பு இல்லை. ஆனால் பெற்றோரில் ஒருவரின் வருமானம் மட்டும் ஆண்டுக்கு 100,000 பவுண்டைத் தாண்டினாலும் அது கிடைக்காது. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது என்பதால் விண்ணப்பிக்கும் முன்பே இரண்டுக்கும் கணக்குப் போட்டுவிட வேண்டும்.

இதற்கு மேல் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு, பிள்ளைக்கு ஒன்பது மாதம் நிறைந்த பிறகு வாரம் 30 மணிநேர இலவசப் பராமரிப்பு உண்டு. 2025 செப்டம்பரில்தான் இது முழுதாக வந்தது. ‘இலவசம் என்கிறார்கள், பிறகும் பில் வருகிறதே’ என்ற குறை நியாயமானது. அந்த 30 மணிநேரம் ஆண்டில் 38 வாரத்துக்கு மட்டும். ஆண்டு முழுவதும் பரப்பினால் வாரம் 22 மணிநேரத்துக்குக் கீழே வந்துவிடும். சாப்பாடு, டயப்பருக்குத் தனியாகக் கேட்பார்கள். அப்படியும் ஆண்டுக்கு 1,140 மணிநேரக் கட்டணம் குறைகிறது. மீதிக்கு மேலே சொன்ன இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தலாம். நான் அதிகம் வலியுறுத்துவது தேதிகளைத்தான். பிள்ளைக்கு டிசம்பர் 31க்குள் ஒன்பது மாதம் நிறைந்து, அதற்குள் விண்ணப்பித்துப் பெற்ற தகுதிக் குறியீடும் (code) கையில் இருந்தால் 30 மணிநேரம் ஜனவரியில் தொடங்கும். ஜனவரி 2இல் நிறைந்தால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பும் நாளை மேலாளரிடம் சொல்லும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரத்தை உறுதிப்படுத்த மறந்தாலும் உதவி நின்றுவிடும்.

‘இன்றைக்குக் கொடுப்பான், நாளைக்குத் திருப்பிக் கேட்பான்’ என்ற பயம் வெறும் வதந்தியால் வந்ததல்ல. டாக்ஸ் கிரெடிட்டை ஆண்டு வருமான மதிப்பீட்டை வைத்துக் கொடுத்தார்கள்; வருமானம் மாறியபோது, கூடுதலாகப் போன பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிப் பல குடும்பங்களுக்குக் கடிதம் போனது. யூனிவர்சல் கிரெடிட் மாதாமாதம் வரும் சம்பளத்தைப் பார்ப்பதால் அந்த ஆபத்து குறைவு. அங்கே சங்கடம் வேறு: பொதுவாகக் கட்டணத்தை நாம் முதலில் கட்டி, ரசீதோடு அடுத்த மதிப்பீட்டு மாதம் முடிவதற்குள் தெரிவிக்க வேண்டும். வேலை தொடங்குகிறவர்கள், கட்ட முடியாத நிலையில் இருந்தால், முதல் மாதத்துக்கு முன்கூட்டியே உதவி கேட்கலாம். 2023இல் வந்த இந்த ஏற்பாட்டை யூனிவர்சல் கிரெடிட்டில் நம்மைக் கவனிக்கும் வேலைப் பயிற்சியாளரிடம் (work coach) நாமே கேட்க வேண்டியிருக்கும்.

‘அம்மம்மா இருக்கும்போது நர்சரி எதற்கு?’ என்பது இன்னொரு வாதம். அம்மம்மாவின் கைக்கு ஈடு எதுவும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் பார்த்துக்கொள்வதற்கு, அவர் பதிவுபெற்ற சைல்ட்மைண்டராக இல்லாதவரை, மேலே சொன்ன உதவி எதுவும் கிடையாது. அவரே வேலையை விட்டுவிட்டுப் பேரனைப் பார்க்கிறார் என்றால் அரசு ஓய்வூதியத்துக்கான நேஷனல் இன்ஷூரன்ஸ் ஆண்டுகளை இழக்கிறார். அதற்கு ஒரு வழி இருப்பதைப் பலர் அறியார்கள். பிள்ளை 12 வயதுக்குக் குறைவு, அம்மம்மா இன்னும் அரசு ஓய்வூதிய வயதை எட்டவில்லை என்றால், சைல்ட் பெனிஃபிட்டோடு தாய்க்கு வரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் கிரெடிட்டை அவர் பெயருக்கு மாற்றலாம். வேலை பார்க்கும் தாய்க்கு அது தேவைப்படாது. வரி ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 31க்குப் பிறகு வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.