சுருக்கிய காணொளியில் காட்சி உறைவது ஏன்?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டு மாவட்டத்திற்குள் செல்லும் வழிகளுள் ஒன்றில் வேலந்தாவளம் என்னும் எல்லை ஊர் அமைந்துள்ளது. அங்குச் சாலையை நோக்கிப் பொருத்திய கண்காணிப்புக் காமிரா ஒன்று, இரவில் நிகழ்ந்த விபத்தைப் பதிவு செய்ததாகக் கொள்வோம். குறித்த விநாடிக்குப் பதிவை நகர்த்தினால் படம் உறைந்து நிற்கிறது. இயக்கியின் கடிகாரம் மட்டும் ஓடுகிறது. மோதிய வண்டி எதுவென அறிய வேண்டியவர்க்கு இது சிறு தொல்லையன்று. இதன் காரணத்தையும் தீர்வையும் ஈண்டு ஆராய்வோம்.

1,920 × 1,080 புள்ளிகள் கொண்ட ஒரு படச்சட்டத்திற்கு, புள்ளிக்கு 3 பைட்டு வீதம், ஏறத்தாழ 62 லட்சம் பைட்டுகள் தேவை. விநாடிக்கு 25 சட்டங்கள் எனின், ஒரு நாட்பதிவு 13 டெராபைட்டைக் கடந்துவிடும். ஆதலின் சுருக்கம் இன்றியமையாததாகிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட கோசைன் உருமாற்ற முறையும் அதன் வழிவந்தவையும் ஒவ்வொரு சட்டத்தையும் சுருக்க உதவுகின்றன. ஆயினும் பெருஞ்சேமிப்பு வேறொன்றால் கிடைக்கிறது.

கடைக்காரரின் பேரேட்டை நினைத்துப் பாருங்கள். மாத முதல் நாளில் முழு இருப்பு எழுதப்படும்; பிற நாட்களில் வரவும் செலவும் மட்டுமே பதியப்படும். இருபதாம் நாளின் இருப்பை அறிய, முதல் நாளிலிருந்து கூட்டிக் கழித்தே வரல் வேண்டும். காணொளியும் அத்தகையதே. முழுப்படம் கொண்டது திறவுச் சட்டம். ஏனையவை மாறுதல்களை மட்டும் கொண்ட வேறுபாட்டுச் சட்டங்கள். திறவுச் சட்டம் 250 சட்டங்களுக்கு ஒருமுறை வருமாயின், ஒன்பதாம் விநாடியைக் காணக் கணிப்பொறி 225 சட்டங்களை விரித்தாக வேண்டும். அதுகாறும் பழைய படமே திரையில் நிற்கும்.

இனித் தீர்வுகள். முதற்கண் மூலக் கோப்பைப் படியெடுத்து, படியிலேயே சோதனை செய்க.

சில விநாடிகளில் உறைவு நீங்கினால், திறவுச் சட்டங்களின் இடைவெளியே காரணமாகலாம். குறித்த கணத்திற்குப் பத்து அல்லது பதினைந்து விநாடி முன்னரே தொடங்கி ஓடவிடுவது எளிய வழி.

உறைவு நீங்காவிடில், இயக்கியின் அமைப்பில் வன்பொருள்வழி விரித்தலை நிறுத்திப் பார்க்கவும். அப்பொழுது சீராக ஓடினால் குறை கோப்பில் இல்லை.

நகர்த்தவே இயலாமலும் மொத்தக் கால அளவு தவறாகவும் தோன்றினால், சட்டங்களின் இருப்பிடங்களைக் கூறும் அட்டவணை பழுதுற்றிருக்கலாம். பதிவின் நடுவே மின்சாரம் நின்றால் இது நேரும். எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியால், படத்தை மீண்டும் சுருக்காமல் புதிய உறையில் இட்டால், பலமுறை அட்டவணை புதிதாக அமைந்துவிடும். எம்பி4 கோப்பில் அட்டவணை முற்றிலும் எழுதப்படாதிருப்பின் தனி மீட்புக் கருவி வேண்டும்.

திறவுச் சட்டங்களை நெருக்கமாக அமைக்க மீண்டும் சுருக்குவதும் உண்டு. ஆனால் ஒவ்வொரு சுருக்கத்திலும் நுண்விவரம் குறையும். வண்டி எண்ணின் ஓர் இலக்கமே மங்கிவிடலாம். எனவே புதிய பதிவுகளுக்கு இடைவெளியை இரண்டு விநாடியாகக் காமிராவிலேயே அமைப்பது நலம்.

உறைந்து நிற்கும் படம் முந்திய கணத்திற்குரியது. இயக்கி காட்டும் நேரத்தை அதனோடு பொருத்தினால், குற்றமற்ற வண்டியின்மீது பழி விழக்கூடும். படத்தினுள்ளே காமிரா பொறித்த நேரத்தையே நோக்குக.