நான்கு குரோமோசோம் வெங்காயம்

இளங்கலை விலங்கியலில் செல் உயிரியல் தாளுக்கு எங்கள் துறையிலேயே அதிக மதிப்பெண் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்காத பெண் புலம்புகிறாள் என்று பேசுவார்கள். ரெக்கார்டு நோட்டுக்கு முழு மதிப்பெண், ஒவ்வொரு படத்தின் கீழும் சிவப்பு மையில் ‘குட்’. அப்படிப்பட்ட நான்தான் முதுகலைச் சேர்க்கை நேர்முகத்தில் ஒரு வெங்காய வேரால் இடத்தை இழந்தேன்.

மேசையில் மைக்ரோஸ்கோப், அதில் வெங்காய வேர்நுனி ஸ்லைடு. “பாருங்க, பார்த்ததை வரைங்க” என்றார்கள். ஒரு நொடி கண்ணை வைத்துவிட்டு மளமளவென்று மெட்டாஃபேஸ் வரைந்தேன். நடுவில் நான்கு குரோமோசோம்கள், இரு பக்கமும் கதிர்க்கோல் இழைகள், இரு முனைகளிலும் சென்ட்ரியோல் புள்ளிகள். கீழே, வெங்காயத்தின் இருமய எண் 16 என்றும் எழுதினேன், கேட்காமலேயே. தேர்வாளர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“16னு நீங்களே எழுதியிருக்கீங்க. மீதி 12 எங்கேம்மா?”

பதில் இல்லை. “இந்தச் சாயத்துல கதிர்க்கோல் இழை உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா? வெங்காயத்துக்கு சென்ட்ரியோல் உண்டா?” உயர் தாவர செல்களில் சென்ட்ரியோல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்து எழுதியும் இருக்கிறேன். கை மட்டும் பழக்கத்தில் போட்டுவிட்டது. கடைசியாகப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: “இந்தச் செல் எவ்வளவு அகலம் இருக்கும், சும்மா ஒரு கணக்குக்கு?” “ரொம்பச் சின்னது சார்” என்றேன். சிரித்தார்கள்.

தவறு என்னுடையது என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்போது செல் உயிரியல் படிக்கும் உங்கள் லேபும் எங்கள் லேப் மாதிரிதான் இருக்கும்: அறுபது பேர், வேலை செய்கிற மைக்ரோஸ்கோப் ஏழெட்டு. சரியாக ஃபோகஸ் செய்த ஒரே ஒரு ஸ்லைடு ‘டெமோ’. வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்ப்போம். அதற்குள் சீனியர் அக்காவின் ரெக்கார்டு பெஞ்சு பெஞ்சாகச் சுற்றிவிடும். அந்த அக்கா அவளுடைய அக்காவைப் பார்த்து வரைந்தாள். பாடநூலில் நான்கு குரோமோசோம் வரைவது புரிவதற்காக, அதில் குற்றமில்லை. ரெக்கார்டோ நாம் கண்டதை எழுதும் இடம். எங்கள் வகுப்பில் ஒருத்தி நிஜமாகவே கண்டதை வரைந்தாள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் கருத்த நீளத் துண்டுகள், எண்ண முடியாத சிக்கல். பக்கம் முழுக்க குறுக்குக்கோடு போட்டு ‘நீட்டாக வரையவும்’ என்று திரும்பி வந்தது. மறுவாரம் அவளும் நான்கு வரைந்தாள், ‘குட்’ வாங்கினாள். கோடு போட்ட கை யாருடையது என்று எழுதப் போவதில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

இது எங்கள் கல்லூரிக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்பது வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று 1923இல் பெயிண்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்குமேல் உலகம் முழுவதும் 48தான். 1952இல் டி.சி. ஷூ என்பவரின் ஆய்வகத்தில் யாரோ உப்புக்கரைசலை அளவு தப்பி நீர்க்கக் கலந்துவிட, செல்கள் ஊதி, குரோமோசோம்கள் அழகாகப் பிரிந்து விழுந்தன. அதுவரை யாருக்கும் வாய்க்காத தெளிவான ஸ்லைடு. அதை வைத்துக்கொண்டும் அவர் 48 என்றே எழுதினார். 1956இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இருந்து ஜியோவும் லெவானும் வெளியிட்ட பிறகுதான் அது 46 ஆனது. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே புத்தகம் கண்ணை மறைத்தது என்றால் சீனியர் ரெக்கார்டை வைத்துக்கொண்டு வளர்ந்த நான் எம்மாத்திரம்?

நான் இப்போது ஒரு பரிசோதனை நிலையத்தில் கேரியோடைப் பிரிவில் இருக்கிறேன். குரோமோசோம் எண்ணுவதுதான் சம்பளம். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஒரு செல்லைக் காட்டி எண்ணச் சொன்னால் பாதிப்பேர் 46 என்பார்கள், அதில் 45தான் இருந்தாலும். (45 வந்தால் உடனே நோய் என்று பதற வேண்டாம், ஸ்லைடில் பரப்பும்போது ஒன்று நழுவிப் போயிருக்கலாம். அதனால்தான் வழக்கமாக 20 செல்களாவது பார்க்கிறோம்.) எண்ணத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். விடை முன்பே தெரிந்திருப்பதால் எண்ணுவதில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெங்காய வேரை நீங்களே வளர்த்து, நீங்களே நசுக்குங்கள். டம்ளர் தண்ணீரில் அடிப்பாகம் மட்டும் படும்படி வெங்காயத்தை வைத்தால் சில நாளில் வேர் விடும். காலையில், எட்டுக்கும் பத்துக்கும் இடையில் வெட்டுவது லேப் வழக்கம். மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் போட்டு வைப்பது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளக்குவது, அசிட்டோகார்மின் சாயம் எல்லாம் உங்கள் மானுவலில் இருக்கும். மானுவலில் இல்லாதது: கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும்தான் வேண்டும், அந்தப் பால்நிற நுனி. அதற்குமேல் உள்ள செல்கள் நீள்வதோடு சரி, பிரிவதில்லை. ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப்பேர் தப்பான துண்டை நசுக்கியவர்கள்.

இதை எனக்குச் சொன்னது பாடம் எடுத்தவர்கள் யாருமில்லை, லேப் அட்டெண்டர் அண்ணன். பட்டம் வாங்கியபிறகு, வெட்கத்தை விட்டு அவரிடம் போய் நின்றேன். பிளாட்டிங் பேப்பரை கவர்ஸ்லிப் மேல் வைத்து, “பெருவிரலை நேராக் குத்தி ஒரே அழுத்து அம்மிணி, பக்கத்துல நவுத்தாதே, நவுத்துனா எல்லாம் சுருட்டிக்கும்” என்றார். அன்றைக்குத்தான் வெங்காயத்தின் 16ஐ என் கண்ணால் எண்ணினேன். எண்ண முடிந்தது ஒரே ஒரு செல்லில். மற்றதெல்லாம் குழைந்த சேமியா மாதிரி ஒட்டிக் கிடந்தது. அதுவும் பாடம்தான்.

அதே ஸ்லைடில் இன்னொன்று பாருங்கள். ஒரு நூறு செல்களை எடுத்து எது எந்த நிலையில் இருக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். பெரும்பகுதி இன்டர்ஃபேஸ், பிரிகிறவற்றில் புரோஃபேஸ் அதிகம், மெட்டாஃபேஸும் அனாஃபேஸும் தேடித்தான் பிடிக்க வேண்டும். செல்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் பிரிவதால், எந்த நிலையில் நிறைய செல் சிக்குகிறதோ அந்த நிலைக்கு அதிக நேரம் ஆகிறது என்று பொருள். ரெக்கார்டில் நான்கு நிலைகளையும் நான்கு சம வட்டங்களில் வரைகிறோம், ஏதோ பள்ளிக்கூடப் பீரியடு மாதிரி. செல் சுழற்சியில் நேரம் என்ற ஒன்று இருப்பதே அந்தப் படத்தில் செத்துப்போகிறது.

அடுத்தது அளவு. ‘ரொம்பச் சின்னது சார்’ என்று நீங்களும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் லேப் அலமாரியில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் நிச்சயம் இருக்கும், பெட்டியைத் திறக்காமலே வைத்திருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கோடுகள் அதில் இருக்கின்றன; ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். கண் பக்க லென்ஸில் போடும் அளவுகோலை இதோடு ஒப்பிட்டு, லென்ஸ் மாற்றும்போதெல்லாம் மறுபடி கணக்குப் போட வேண்டும். முதலில் உங்கள் கன்னத்துச் செல்லை அளந்து பாருங்கள், ஐம்பது அறுபது மைக்ரோமீட்டர் வரும். ரத்தச் சிவப்பணு ஏழெட்டு.

ஒளி மைக்ரோஸ்கோப்பால் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்கு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ரைபோசோம் அதில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே ‘மைக்ரோஸ்கோப்பில் காணும் தாவர செல்’ என்று ரைபோசோமுக்கும் அம்புக்குறி போட்டு நாம் வரையும் படம், எந்த லேபிலும் எவரும் காணாத ஒன்று. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களைக் கொண்டு வரைந்த தொகுப்பு அது. 20 மைக்ரோமீட்டர் செல்லை நோட்டில் 10 சென்டிமீட்டருக்கு வரைந்தால் 5,000 மடங்கு. செல் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 7 நானோமீட்டர். அதே மடங்கில் அது 0.04 மில்லிமீட்டருக்குள் அடங்கும், உங்கள் பென்சில் கோட்டில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்புக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

சவ்வூடுபரவலை நாங்கள் ‘ஹைப்போ, ஐசோ, ஹைப்பர்’ என்று பாட்டாகப் படித்தோம். ரியோ இலையின் ஊதாத் தோலை உப்புநீரில் போட்டு சைட்டோபிளாசம் சுருங்குவதைப் பார்த்தோம், ஸ்பாட்டருக்குப் பெயர் எழுதினோம், முடிந்தது. இப்போது தினமும் அதில்தான் பிழைப்பு. வந்த ரத்தத்தை மூன்று நாள் வளர்க்கிறோம். பிரியாமல் தூங்கும் லிம்ஃபோசைட்டுகளைத் தட்டி எழுப்புவது ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். பிறகு கொல்சிசின் அல்லது அதன் உறவான கொல்செமிட். அது டியூபுலினைப் பிடித்துக்கொள்வதால் கதிர்க்கோல் உருவாகாது; செல் மெட்டாஃபேஸிலேயே நின்றுவிடும். அடுத்து 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு. உள்ளே நீர் ஏறி செல் ஊதும். ஷூவின் லேபில் தற்செயலாக நடந்ததை நாங்கள் கடிகாரம் பார்த்துச் செய்கிறோம். நேரம் குறைந்தால் குரோமோசோம் பிரியாது, கூடினால் செல் வெடித்துச் சிதறும். இதை யாராவது வகுப்பில் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை நான் வாய்ப்பாடாகப் படித்திருப்பேனா?

கொல்சிசின் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடுவார்கள். அதன் பூதான் செங்காந்தள், நம் மாநில மலர். அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே கொல்சிசின். நான் விலங்கியல் சேர்ந்தபோது, “செல்லப் பத்திப் படிச்சு என்ன பண்ணப் போற, செல்போன் கடை வெக்கப் போறியா?” என்று கேட்ட பெரியப்பா மகன் அந்த விதையை மூட்டை மூட்டையாக விற்கிறவர். உள்ளே இருக்கும் சரக்கு ஒரு செல்லை என்ன பாடு படுத்தும் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நானும் சொல்லவில்லை.

எங்கள் கல்லூரி இருந்த கோவையிலேயே, கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இருந்து கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். 1945இல் டார்லிங்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார். அந்த நிலையத்தைத் தாண்டித்தான் எங்கள் கல்லூரிப் பேருந்து போகும். மூன்று ஆண்டுகளில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. ‘செல் கொள்கையை வெளியிட்டவர்கள் ஷ்லைடன், ஷ்வான், 1838, 1839’ மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வரும்.

மற்றவை சீக்கிரம். அலைடு கெமிஸ்ட்ரியில் பாஸ் போதும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், செல்லுக்கு மற்ற அறிவியலும் வேண்டும். ரைபோசோமின் அமைப்பைக் கண்டு நோபல் பெற்ற சிதம்பரத்துக்காரர் வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு உயிரியலுக்கு வந்தவர். தமிழ் வழியில் படித்தவரா? பதினோராம் வகுப்புத் தாவரவியல் பாடநூலின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து செல் பாடத்தைப் படியுங்கள், அகராதி வாங்கும் காசு மிச்சம். தேர்வுக்கு வர்மா-அகர்வால் போதும். புரிவதற்கு ஆல்பர்ட்ஸ், விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், நான்காம் பதிப்பை என்சிபிஐ புக்‌ஷெல்ஃபில் இலவசமாகத் தேடிப் படிக்கலாம். ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி என்று கல்லூரித் தேர்வில் கேட்டால் 38 என்று எழுதிவிட்டு வாருங்கள். நுழைவுத் தேர்வில் கேட்டால் 30 முதல் 32 என்பதுதான் இப்போதைய கணக்கு.

ரெக்கார்டில் தொடர்ந்து நான்கையே வரையுங்கள், உங்களால் அவர்களோடு சண்டை போட முடியாது. பார்த்ததை வரைய தனியாக ஒரு நோட்டு வையுங்கள். தேதி, எந்த லென்ஸ், எத்தனை எண்ணினேன், எது தெரியவில்லை என்று எழுதுங்கள். அதற்கு மைக்ரோஸ்கோப் அரை மணியாவது தனியாகக் கிடைக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் கிடைக்காது. துறைத்தலைவரிடம் விண்ணப்பம் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள். நாலு மணிக்குமேல் லேப் சாவி அட்டெண்டர் அண்ணனிடம்தான் இருக்கும்.