தீர்மானம் எடுக்கும் மூளையும் அதன் தூதர்களும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி பிறந்தால் மானாவாரி விவசாயிக்கு ஒரே யோசனை: காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிடுவதா, மழை பெய்தபின் விதைப்பதா? முந்தி விதைத்தால் முதல் மழையின் ஈரம் பயிருக்குக் கிடைக்கும். மழை ஏமாற்றினால் விதை வீண். இந்தத் தீர்மானத்தின்போது அவர் மூளையில் நடப்பதை இம்முறை படிப்போம்.

தூதர்கள் யார்?

மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அதைக் கடந்து செய்தி கொண்டுபோகும் இரசாயனப் பொருள்களே தூதர்கள். குளூட்டமேட் அடுத்த அணுவைத் தூண்டும், காபா அடக்கும். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் டோபமின் கூடும். குறைவாகக் கிடைத்தால் தாழும். சென்ற ஆண்டு முந்தி விதைத்து நல்ல மகசூல் கண்டவர் மறுபடியும் துணிவதில் இதற்குப் பங்குண்டு. செரட்டோனின் காத்திருக்கும் பொறுமைக்கு உதவுவதை எலிகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மேகம் திடீரென்று கறுத்தால் நம்மை உஷார்ப்படுத்துவது நார்அட்ரினலின்.

சேர்ந்து செய்யும் வேலை

இவற்றுள் எதுவும் தனித்துத் தீர்மானிப்பதில்லை. மூளையின் மேற்பரப்பிலிருந்து குளூட்டமேட் வழியாக யோசனைகள் உள்ளே வருகின்றன. அங்கே காபா அணுக்கள் கடிவாளம் போலப் பிடித்து நிறுத்துகின்றன. டோபமின் ‘செய்’ என்னும் பாதையைப் பலப்படுத்தி, ‘பொறு’ என்னும் பாதையைத் தளர்த்துகிறது. வண்டி ஓடக் காளையும் வேண்டும், மூக்கணாங்கயிறும் வேண்டும் அல்லவா?

சமநிலை தவறினால்

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்தில் டோபமின் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். இதற்கான முக்கிய மருந்து லெவோடோபா. மூளையில் அது டோபமினாக மாறுகிறது. நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து இப்பொருளை 1937இல் சென்னையில் பிரித்தெடுத்தவர்கள் தாமோதரனும் ராமசாமியும். டோபமின் ஒரு தூதர் என்பதே 1950களில்தான் தெரியவந்தது. அதைக் காட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டோபமினைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகளும் உண்டு. இவற்றால் சிலருக்குக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 17 விழுக்காட்டினரிடம் சூதாட்டம், அளவுமீறிய செலவு, பெருந்தீனி, அடங்காத பாலுணர்வு ஆகியவற்றில் ஒன்றாவது காணப்பட்டது. எடுக்காதவர்களில் அது சுமார் 7 விழுக்காடு.

காலமெல்லாம் சிக்கனமாக வாழ்ந்த பெரியவர் திடீரென்று சீட்டாட்டத்தில் பணத்தை இழந்தால், “வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது” என்கிறோம். அவரோ வெட்கப்பட்டு மறைக்கிறார். நிலம் கைமாறிய பின்பே உண்மை தெரிந்தால் என்ன பயன்?

நினைவில் கொள்ள:

1. மாத்திரை தொடங்கியபின் இத்தகைய மாற்றம் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பெரும்பாலும் சரிசெய்யலாம்.

2. மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்; அது ஆபத்து.

3. பூனைக்காலி விதையை நீங்களாக அரைத்து உண்ணாதீர்கள். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சும்.

4. வீட்டுப் பெரியவரைக் குறைசொல்லுமுன் அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.