டிரைவர் அப்டேட்டுக்குப் பின் நெட் வரவில்லையா? எந்த வழி யாருக்கு

விண்டோஸ் அப்டேட் முடிந்து கணினி திறக்கிறது. வைஃபை அடையாளத்தையே காணோம். அல்லது இணைப்பு இருப்பதாகக் காட்டுகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. சரிசெய்யப் பல வழிகள் உண்டு. இழப்பு குறைந்த வழியில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

முதலில் இரண்டு சோதனைகள்

அதே வைஃபையில் போனுக்கும் நெட் வரவில்லையென்றால், கோளாறு ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கலாம். போனில் வந்தால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினி, டிரைவர்களின் நிலையைச் சேமித்துவைத்து அதையே திரும்ப ஏற்றும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அப்படியும் சரியாகவில்லையென்றால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பகுதியைப் பாருங்கள்.

ரோல் பேக்

அப்டேட்டுக்கு முன்புவரை ஒழுங்காக ஓடியது என்றால் இதுவே முதல் தேர்வு. அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் டேபைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். பழைய டிரைவர் திரும்பும். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. பட்டன் மங்கலாக இருந்தால், திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று பொருள்.

அன்இன்ஸ்டால், மறு நிறுவல்

மஞ்சள் முக்கோணத்துடன் கோட் 10 அல்லது 43 என்ற பிழை தெரிந்து, ரோல் பேக்கும் முடியாதபோது இது பொருந்தும். அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அடாப்டரை மறுபடி நிறுவும். டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்யாவிட்டால், பெரும்பாலும் அதே புது டிரைவர்தான் வரும். டிக் செய்வதானால் மாற்று டிரைவர் கையில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால், அதை விண்டோஸ் தனி அடாப்டராகவே எடுத்துக்கொள்ளும். அந்த நெட்டில், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிவையுங்கள்.

நெட்வொர்க் ரீசெட்

அடாப்டரில் குறை தெரியவில்லை, ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதாவது ரவுட்டர் தரவேண்டிய முகவரி வந்து சேரவில்லை. ரீஸ்டார்ட்டுக்கும் ரோல் பேக்குக்கும் மசியாதபோது ரீசெட் செய்யலாம். இது எல்லா அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன் மென்பொருளை மறுபடி அமைக்க நேரலாம். அலுவலகக் கணினியானால் ஐடி பிரிவைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

சிஸ்டம் ரீஸ்டோர்

கடைசி வழி. ரீஸ்டோர் பாயின்ட் முன்பே பதிவாகியிருந்தால்தான் பயன். ஆவணங்கள், படங்கள் பத்திரமாக இருக்கும். அந்த ரீஸ்டோர் பாயின்ட்டுக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும்.

இணைப்பு விட்டுவிட்டு அறுந்தால்

அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் டேப் இருந்தால், மின்சாரம் சேமிக்க அடாப்டரை அணைக்கும் அனுமதியிலுள்ள டிக்கை எடுத்துப் பாருங்கள். பேட்டரி மட்டும் சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம்.

பழைய டிரைவரில் சரியாகிவிட்டால், விண்டோஸ் அப்டேட்டைச் சில நாள் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அதே டிரைவர் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளக்கூடும்.