பழைய அடுக்குமாடி வீடுகளில் மின்னமைப்பைப் புதுப்பித்தல்: செலவும் பங்கீடும்

இந்திய நகரங்களுள் மின்னொளியை முதலில் கண்டவற்றுள் கொல்கத்தா ஒன்றாகும். 1879ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் அங்கு மின்விளக்கு பொதுமக்கள் முன்னிலையில் எரித்துக் காட்டப்பெற்றது. 1899 ஏப்ரல் 17ஆம் நாள் இமாம்பாக் சந்தில் நகரின் முதல் மின் உற்பத்தி நிலையம் இயங்கத் தொடங்கிற்று. முந்தி மின்சாரம் பெற்ற நகரமாதலின், முதுமையடைந்த மின்கம்பிகளும் அங்கு மிகுதி. அவற்றை மாற்ற வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின் எதை முதலில் மாற்றுவது, செலவை எவர் ஏற்பது என்னும் வினாக்கள் எழும்போதுதான் வேலை நின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழைய அமைப்பின் இயல்பு

அக்காலத்துக் கட்டடங்களில் ரப்பர் உறையிட்ட செப்புக் கம்பிகளை மரச் சட்டங்களுக்குள் வைத்து மூடுவது வழக்கம். சில விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் அது போதுமானதாயிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் உலர்ந்து வெடித்து உதிர்கிறது. வெப்பம் மிகுந்தால் இச்சிதைவு விரைவுபடும். மேலும், பல வீடுகளில் இரு துளைப் பிளக்குகளே உண்டு. ‘எர்த்’ என வழங்கும் நிலத்தொடர்பு இராது. மின்மானிகள் பெரும்பாலும் தரைத்தளத்தில், படிக்கட்டின் அடியில் ஒரே பலகையில் அமைந்திருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய கம்பிகள் படிக்கட்டின் ஓரமாகவே மேலேறும். வீட்டார் வெளியேறும் வழியும் அதுவே என்பதை நினைவிற் கொள்க.

வெப்பத்தின் கணக்கு

கம்பியில் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் மின்தடைக்கும் ஏற்ப அமையும். மின்னோட்டம் நான்கு மடங்கானால் வெப்பம் பதினாறு மடங்காகும்.

எடுத்துக்காட்டாக, மின்மானியிலிருந்து 24 மீட்டர் தொலைவிலுள்ள மேல்மாடி வீடொன்றைக் கொள்வோம். போகவும் வரவும் 48 மீட்டர் கம்பி வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியாயின் அதன் தடை ஏறக்குறைய 0.55 ஓம். விளக்கும் விசிறியும் இயங்க 5 ஆம்பியர் ஓடியபோது கம்பி முழுவதிலும் 14 வாட் வெப்பமே தோன்றிற்று. இன்று குளிர்சாதனம் 1,600 வாட், வெந்நீர்க் கலம் 2,000 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என மூன்றும் சேர்ந்து 4,600 வாட் ஆகின்றன. 230 வோல்ட்டில் இது 20 ஆம்பியர். வெப்பமோ 220 வாட்.

உருகியின் பணி கருவியைக் காப்பதன்று; கம்பியைக் காப்பது. அது அடிக்கடி உருகுகிறதென்று தடித்த கம்பியைச் செருகுவோர், காவலாளியை உறங்கச் செய்தவர் ஆவர். அதன்பின் சுவருக்குள்ளிருக்கும் கம்பியே உருகியாகிவிடும்.

செலவின் உறுப்புகள்

முதற்செலவு சோதனைக்கு உரியது. 500 வோல்ட் ‘மெக்கர்’ கருவியால் மின்காப்பின் தடையை அளத்தல் வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறைவாயின் அக்கம்பியை நம்பலாகாது. இரண்டாவது கம்பி. மேற்கூறிய 48 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 640 கிராம் செம்பு இருக்கும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 2.56 கிலோகிராம் இருக்கும். இரண்டு கிலோகிராமுக்குச் சற்றே குறைந்த செம்பைக் கூட்டினால் வெப்பம் 220 வாட்டிலிருந்து 55 வாட்டாகக் குறைகிறது. கம்பியின் தடிமனில் சிக்கனம் பார்ப்பது பேதைமை என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது கூலியும் சுவர் வேலையும். பழைய சுண்ணாம்புச் சுவரைக் குடைந்து, மீண்டும் பூசி, வண்ணம் தீட்டுவதற்குக் கொத்தனாரும் வண்ணக்காரரும் வேண்டும். சுவரின்மேல் பி.வி.சி. குழாய் பொருத்திக் கம்பி இழுத்தால் இச்செலவு பெரிதும் குறையும். அழகு சிறிது குறையலாம், பின்னாளில் பழுது பார்ப்பது எளிதாகும். நான்காவது, நிலத்தொடர்பும், மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி.யும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுக்கும் கருவியும். ஐந்தாவது, மின்சுமையை உயர்த்த மின் வழங்கும் நிறுவனத்துக்குச் செலுத்தும் கட்டணம்.

பங்கீடு

வீட்டினுள் நிகழும் செலவை அவ்வவ் வீட்டார் ஏற்பது முறை. படிக்கட்டில் ஏறும் கம்பிகளோ வேறு வகையின. பழைய வாடகையில் குடியிருப்போர், சுவர் தமதன்று என்பர்; அவ்வாடகையைப் பெறும் உரிமையாளர், வருவாய் இல்லை என்பர். அவரவர் கம்பியை அவரவரே மாற்றுவது எனில், மாடிக்கு நான்கு வீடாக 16 வீடுகள் உள்ள கட்டடத்தில், 6, 12, 18, 24 மீட்டர் எனத் தொலைவு மாறும். மேல்மாடியார் தரைத்தளத்தாரைப்போல் நான்கு மடங்கு செலவிட வேண்டும். இயலாதவர் பழைய கம்பியையே விட்டுவைப்பர்.

தரைத்தளத்தார், “எம் கதவு தெருவை நோக்கியது, எமக்கென்ன?” என்று கேட்கலாம். மின்மானிப் பலகை அவர் சுவரோரம் இருக்கிறது. 16 வீட்டுக் கம்பிகளும் அங்கிருந்தே புறப்படுகின்றன. உச்சி மாடியை எட்டுபவை நான்கே. எட்டு வீட்டார் ஒரே வேளையில் 20 ஆம்பியர் எடுத்தால், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக் கற்றையின் அடிப்பகுதியில் ஒவ்வொரு மீட்டருக்கும் 73 வாட் வெப்பம் தோன்றும். மூடிய மரச் சட்டத்துக்குள் மீட்டருக்கு ஒரு 75 வாட் குண்டுவிளக்கை எரிய விட்டதற்கு இது ஒப்பாகும். கம்பிகள் மேல்மாடிக்குச் சென்றாலும் அவை மிகுதியாகச் சுடுமிடம் கீழ்த்தளமே.

ஆகவே மேலேறும் கம்பிகளையும், நிலத்தொடர்பையும், படிக்கட்டு விளக்கு, நீரேற்றி, மின்தூக்கி ஆகியவற்றின் இணைப்புகளையும் பொதுச் செலவாகக் கொள்ளுதலே நேர்மை. மேற்கூறிய கட்டடத்தில் சராசரித் தொலைவு 15 மீட்டர். ஒவ்வொருவரும் 15 மீட்டருக்குரிய பங்கைச் செலுத்தலாம். பிறரினும் மிக்க மின்சுமை வேண்டுவோர் தடித்த கம்பிக்குரிய வேறுபாட்டைத் தாமே ஏற்க வேண்டும்.

எதை முதலில் செய்வது?

பலர் தம் வீட்டினுள் புதுக் கம்பி இழுத்து, குளிர்சாதனம் பொருத்தி, கடமை முடிந்ததென்று அமைகின்றனர். இதனால் ஆபத்து குறைவதில்லை. பழைய மேலேறு கம்பிகளில் சுமை கூடுவதால் அது பெருகுகிறது. முதலில் படிக்கட்டு, பின்னரே வீடு என்பதே சரியான வரிசை. பணம் போதாதெனில், பொதுப் பகுதியை முதலாண்டிலும், வீடுகளைத் தொடர்ந்து வரும் ஆண்டுகளிலும் புதுப்பிக்கலாம். அதுவரை பெருஞ்சுமைக் கருவிகளை ஒரே வேளையில் இயக்காதிருத்தல் நன்று. வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைத்து, முடிவில் சோதனைச் சான்று பெறுதல் இன்றியமையாதது.

கொல்கத்தாவின் பார்க் தெருவிலுள்ள ஸ்டீபன் கோர்ட் என்னும் பழைய கட்டடத்தில் 2010 மார்ச் 23ஆம் நாள் மூண்ட தீயில் 43 பேர் உயிரிழந்தனர். மின்தூக்கிப் பகுதியில் நேர்ந்த மின்கோளாறே தொடக்கம் என அப்போது கூறப்பட்டது. மேல்மாடிகளில் இருந்தோர் இறங்க வழியின்றிச் சிக்கினர். சன்னல் வழியே குதித்தோரும் உண்டு. எவருக்கும் தனியுடைமை அல்லாத பகுதியே எல்லாருடைய உயிருக்கும் வழி என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பங்கீட்டுக் கணக்கைப் பார்க்க அமரும் குடியிருப்போர் தத்தம் கதவுக்கு உள்ளே நோக்குமுன், கதவுக்கு வெளியேயுள்ள படிக்கட்டை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்ப்பாராக.